பதினான்கு டிராக்டர் பயம்

விழுப்புரம் கோமளா லாட்ஜின் சுவர்களிலிருந்து 2011-ஆம் வருஷம் மொத்தம் பதினான்கு டிராக்டர் பயம் வெளியே எடுக்கப்பட்டது. அதில் மூன்று டிராக்டரை, அந்த வேலையை முன்னின்று நடத்திய கிளாராவே தன் புது வீட்டின் பேஸ்மென்டில் கொட்டிக்கொண்டாள். மீதி, ஊரைச் சுற்றிப் பள்ளமாகக் கிடந்த மனைகளுக்குப் போனது.

லாட்ஜ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. நோயாளிக்கு அங்கே கட்டில் கிடைத்தால் கூட வந்தவர்களுக்கு இங்கே இடம் கிடைக்கும். ஓர் அறையை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுக்கும். பெண்கள் கட்டிலில் சுருண்டுகொள்வார்கள். ஆண்கள் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார்கள். செய்தி இருந்தால் நர்ஸ் ரோட்டைத் தாண்டி வந்து, கதவைப் பாதி திறந்து கூப்பிடுவாள். பிரசவமோ பாம்புக்கடியோ லாரி மோதியதோ, எதற்கு வந்தவர்களானாலும் சாய்ந்த உயரம் ஒன்றுதான். அதனால் எல்லா அறைகளிலும், உட்கார்ந்தவர் தலை உயரத்தில், எண்ணெய்க் கறைகள் வட்ட வட்டமாக வரிசையாக இருந்தன. முதலாளி கிருஷ்ணசாமி பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பார். மாசி பிறப்பதற்குள் கறைகள் சுண்ணாம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். பிறகு முண்டியம்பாக்கத்தில் மெடிக்கல் காலேஜ் வந்தது. நோயாளிகள் அங்கே போனார்கள், கூட வந்தவர்களும் அங்கே போனார்கள், லாட்ஜ் காலியானது. ஏ.சி. அறைகள், ஒரு லிஃப்ட், கீழே விசேஷங்களுக்கு ஒரு ஹால், வாசலில் கண்ணாடிக் கதவு என்று எல்லாவற்றையும் மாற்றித் தை மாதம் ஓட்டலாகத் திறந்துவிடுவது என்று கிருஷ்ணசாமி முடிவு செய்தார். கிளாரா டிப்ளமோ சிவில் படித்தவள். அதுவரை பிறர் நடத்திய வேலைகளில் அளவெடுத்துக்கொண்டிருந்தவள். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் என்று எல்லாரையும் வரிசைப்படுத்தி, யார் முடித்த பிறகு யார் உள்ளே வருவது என்று தீர்மானிக்கும் முழுப் பொறுப்பு முதன்முதலாக அவள் கைக்கு வந்தது இந்த லாட்ஜில்தான்.

வேலை தொடங்கிய அன்று சின்னக்கண்ணு மேஸ்திரி மாடியறை ஒன்றில், ஓர் எண்ணெய்க் கறையின் நடுவில் உளியை வைத்து அடித்தார். பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் வியர்த்திருந்தது. டெட்டால் வாசனையும் பிளாஸ்கில் நாள்பட்ட காபியின் வாசனையும் அறையில் பரவின. மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கறை இருந்த இடத்துக்குக் கீழேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“மேடம், ரத்தம் கெடைக்கலன்னா கொயந்தைய இன்னா பண்ணுவாங்க?”

“எந்தக் கொயந்தை மேஸ்திரி?”

“தெரியல மேடம். ஆனா பயமா இருக்குது.”

அவருடைய பிள்ளைகள் இருவரும் வளர்ந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். யாருக்கும் ரத்தம் தேவைப்படவில்லை. மறுநாள் பிளம்பர், தன் தாயாரை ஏற்றி வரும் வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாகப் புலம்பினார். அவருடைய தாயார் அந்நேரம் கோலியனூரில் கேப்பை காயவைத்துக்கொண்டிருந்தார். ஒரு சித்தாள், பிணத்தை இருட்டுவதற்குள் கொடுப்பார்களா என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டாள். யாருக்கும் அவரவர் பயம் வரவில்லை. எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் பயம்.

கிளாரா இதைத் தூசியாக எடுத்துக்கொண்டாள். கொத்துகிறவர்கள் மூக்கில் துணி கட்ட வேண்டும், சுவரை முதலில் நனைக்க வேண்டும் என்றாள். பயம் குறையவில்லை. ஆனால் சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தவர்களுக்கு அது போய்விட்டது. உடனே பின்பக்கம் இரண்டு டிரம் வைத்து, ஒரு பெட்டி சோப்பு வாங்கி, வேலை விடுவதற்கு அரைமணி முன்னதாகக் குளியலை வேலை வரிசையில் சேர்த்தாள். அந்தத் தண்ணீர் ஓடிய சாக்கடையில் அந்த வருஷம் தவளைகள் கத்தவில்லை. மற்றபடி வேலை தடையில்லாமல் நடந்தது.

“முப்பது வருஷமா இந்த லாட்ஜ நடத்திக்கினு இருக்கறேன், எனக்கு ஒரு பயமும் வரலியே இன்ஜினியரம்மா?” என்று கிருஷ்ணசாமி சோப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

சின்னக்கண்ணு தலையைத் துவட்டியபடியே சொன்னார். “நீங்க என்னிக்கு சார் ரூமுக்குள்ள சாஞ்சி உக்காந்தீங்க? கல்லாவுலதானே உக்காந்தீங்க.”

விழுப்புரத்தில் பழைய கட்டடம் உடைத்த ரப்பீஸ் வீணாகப் போகாது. பாதி ஊர் பள்ளத்தில் இருப்பதால், சுவரில் இருக்கும்போதே அதற்கு ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள். வேலையை நடத்துகிறவருக்கு வீடு கட்டும் யோசனை இருந்தால் முதல் லோடுகள் அவருக்கு. இது யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லாரும் மதிக்கும் வழக்கம். கிளாராவின் மனை ஊருக்கு மேற்கே, ஏரியை ஒட்டிப் பிரித்த பிளாட்டில் இருந்தது. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அந்த மூன்று டிராக்டரை விட்டிருக்க மாட்டார்கள். அவளுடைய கணவன் சவுரிராயன் மட்டும் ஒருமுறை தயங்கினான். அவன் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் அரசு பஸ்ஸின் டிரைவர். பஸ்ஸில் எல்லாப் பேச்சும் காதில் விழும்.

“லாட்ஜ் மண்ணு வாணாம் கிளாரா. ஊரே பேசுது.”

“கழுவனா போய்டுதுங்க, நான் தெனம் பாக்கறேன். பேஸ்மென்ட்டுக்குத் தண்ணி விட்டுத்தானே இடிக்கப் போறோம். அதோட போச்சி.”

தண்ணீர் விட்டார்கள், இடித்தார்கள், மேலே காங்கிரீட் போட்டு வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். ஆவணியில் குடிபோனார்கள். தண்ணீர் பயத்தை வெளியே கொண்டுபோகவில்லை, கீழே இறக்கி வைத்தது மட்டுமே என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கிளாராவும் சவுரிராயனும் கட்டிலில் படுத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் படித்த மகள் ஜெசி, டைல்ஸ் சில்லென்று இருக்கிறது என்று ஹாலில் வெறுந்தரையில் படுத்தாள்.

குடிபோன வாரத்திலேயே ஒரு காலையில் ஜெசி சுவரில் தலையைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொன்னால் அசையவில்லை. கவுனின் விளிம்பைத் துண்டை முறுக்குவதைப் போல முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கதவு தொறந்தாங்களா?” என்றாள்.

“எந்தக் கதவுடி?”

“பொன்னிய உள்ள தள்ளிக்கினு போனாங்களே, அந்தக் கதவு. சேப்பு லைட்டு இன்னும் எரியுது.”

குரல் ஜெசியின் குரல்தான். பேச்சு நடுவயது ஆணுடையது. இட்லித் தட்டைக் கையால் ஒதுக்கினாள். “அவ கண்ணு முழிக்கட்டும், அப்புறம் சாப்புடறேன். ஒரு டீ மட்டும் சொல்லு. சக்கர கம்மியா.”

கிளாரா ஜெசியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு முழுச் சோப்பும் கரையும்வரை குளிப்பாட்டினாள். தலையைத் துவட்டி விட்டதும் ஜெசி நேராகப் போய் அதே சுவரில் சாய்ந்துகொண்டாள். தோலில் ஒட்டியது கழுவினால் போகும். தூக்கத்தில் இறங்கியது போகாது. வானூரில் இருந்த அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் அவள் ஒரு சுவரைத் தேடிக்கொண்டாள். டாக்டர் எல்லாம் பரிசோதித்து ஒன்றுமில்லை என்றார். சாமியார் தலையில் கைவைத்து ஜெபித்தார். கிருஷ்ணசாமி மயிலம் கோயில் விபூதி கொடுத்தனுப்பினார், சவுரிராயன் அதையும் பூசி விட்டான். ஜெசி டீயை மட்டும் குடித்தாள். வலுக்கட்டாயமாக ஊட்டியது வெளியே வந்தது. கன்னம் ஒட்டி, கண்கள் பெரிதாகி, கவுன் தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. டிரிப்ஸ் ஏற்றினார்கள், அது இறங்கும்வரையும் அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் பிள்ளை தங்கமாட்டாள் என்பது வீட்டில் யாரும் சொல்லாத, எல்லாருக்கும் தெரிந்த செய்தியாக இருந்தது. கிளாரா பகலில் லாட்ஜில் லிஃப்ட் குழிக்கு அளவு சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினாள். அந்த நடுக்கம் எந்தச் சுவரிலிருந்தும் வந்ததல்ல, அவளுடையதே.

வீட்டுத் தரையை உடைத்து ரப்பீஸை அள்ளிவிடலாமா என்று சின்னக்கண்ணுவைக் கேட்டாள். அவர் ஹாலை நின்று பார்த்துவிட்டுத் தலையசைத்தார். “ஒடைச்சா தூளு எழும்பும் மேடம். அப்புறம் ஊட்ல இருக்கற அத்தனி பேரும் செவுத்தோரம் ஒக்காந்துடுவீங்க.”

பொய் சொல்லியும் பார்த்தாள். ஜெசியின் முன் உட்கார்ந்து, “பொன்னி முழிச்சிட்டாங்க கண்ணு, நல்லா இருக்காங்க” என்றாள். ஜெசியின் முகம் வெளுத்தது. “நீ யாரு? நர்ஸ் வந்து சொல்லாம நீ எதுக்கு வந்து சொல்ற? அப்போ என்னாவோ ஆயிடுச்சி” என்று சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்: சம்பந்தமில்லாதவர் வந்து தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னால் நல்ல செய்தி இல்லை.

அதைக் கேட்டபோதுதான் கிளாராவுக்கு அந்த இடத்தின் முறை நினைவுக்கு வந்தது. அவள் எழுந்து ஹாலுக்கு வெளியே போனாள். கதவைப் பாதி திறந்து, உள்ளே பார்க்காமல், நர்சுகள் கூப்பிடும் அவசரக் குரலில் கூப்பிட்டாள்.

“பொன்னிகூட வந்தவங்க யாரு?”

ஜெசி துள்ளி எழுந்தாள். கையைத் தூக்கினாள். “நான்தாங்க, அவ ஊட்டுக்காரன்! ஒலக்கூரு தாண்டவராயன்!”

ஓடி வந்து கிளாராவின் முன் நின்றாள். இரண்டு கைகளும் கும்பிட்டபடி இருந்தன. ஒரு சொல்லுக்காகத் தன் மகள் தன்னை அப்படிப் பார்ப்பதைக் கிளாராவால் தாங்க முடியவில்லை. அந்தச் சொல் அவளிடம் இல்லை.

“இன்னும் கொஞ்சநேரம் ஆவுங்க. போய் உக்காருங்க” என்றாள்.

“சரிங்க” என்று ஜெசி திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை கிளாரா, சவுரிராயன் ஓட்டிய பஸ்ஸிலேயே ஏறித் திண்டிவனம் போனாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். இருவரும் நினைத்தது ஒன்றையே. பொன்னி எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தால், ஆறு வயதுப் பிள்ளையிடம் உன் பெண்டாட்டி செத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பயம் போய்விடும். பயம் இருந்த இடத்தில் வந்து உட்காருவதைப் பிள்ளை தாங்குமா? திண்டிவனத்தில் ஒலக்கூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கிளாரா ஏறாமல் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தாள். கண்டக்டர் விசில் ஊதியதும் ஓடி ஏறினாள்.

ஒலக்கூர் டீக்கடையில் கேட்டபோது, “எந்தத் தாண்டவராயன்? பயமில்லாத தாண்டவராயனா?” என்றார்கள். கையை மேலே காட்டினார்கள். ஊர்த் தண்ணீர் டேங்கின் உச்சி விளிம்பில் ஓர் ஆள் கால்களைத் தொங்கவிட்டு மல்லாட்டைக் கடலை தின்றுகொண்டிருந்தார். ஜில்லா பிரித்த 1993-இலிருந்து அவருக்குப் பயம் கிடையாது. கிணற்றுப் பொந்தில் கைவிட்டுப் பாம்பை எடுத்து அந்தப்பக்கம் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். தண்டவாளத்தைப் பார்க்காமல் கடப்பார். பாசஞ்சர் ரயில்கள் அந்த இடத்தில் தாமாகவே மெதுவாகப் போகப் பழகிவிட்டன. இடி மின்னலில் ஏர் ஓட்டுவார். ஒருமுறை மின்னல் அவர்மேல் விழுந்தது, அடுத்த முறை சுற்றிக்கொண்டு போனது. கரண்டு கம்பி அறுந்தாலும் வெறிநாய் வந்தாலும் பஞ்சாயத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். லாட்ஜில் காத்திருந்தவர்கள் எல்லாரும் சுவரில் கொஞ்சம் பயத்தை விட்டுத்தான் போனார்கள். தாண்டவராயன் எழுந்து ஓடிய அவசரத்தில் மொத்தத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

கிளாரா அண்ணாந்து பார்த்தாள். “ஐயா… பொன்னி…” என்றாள்.

“பொன்னியா? ஊட்ல மல்லாட்ட ஒடைச்சிக்கினு இருப்பா, போய்ப் பாரு” என்று மேலிருந்து பதில் வந்தது.

கிளாரா டேங்கின் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. “எனக்கு வவுத்துல கட்டி யம்மா. பொழைக்கறது கஷ்டம்னாங்க. முழிச்சிப் பாக்கறேன், இந்த ஆளு கல்லாட்டம் நிக்கறாரு. ‘முழிச்சிட்டியா? சரி’ங்கறாரு. அவ்ளோதான். அன்னிலேருந்து இப்பிடித்தான். புள்ளைக்கு மஞ்சக்காமால வந்து கெடக்கறான், இவரு சினிமாவுக்குப் போறாரு. ஊருக்கெல்லாம் அவரு தைரியசாலி. எனக்குத்தான் பதினெட்டு வருஷமா பயமாவே இருக்குது. நான் செத்தாகூட எல போட்டு சாப்ட்டுட்டுத்தான் எடுக்க வருவாரு.” முறத்தை இறக்கி வைத்தாள். “எனக்காக அவரு பட்ட பயம் உங்க ஊட்ல இருக்குதா? வா, பாக்கலாம்.”

பிற்பகலில் இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். கிளாரா கதவைப் பாதி திறந்து முறைப்படி கூப்பிட்டாள். ஜெசி எழுந்தாள், தள்ளாடினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கும்பிட்டு நின்றாள். பொன்னி சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்தாள்.

“எதுக்கு இப்பிடி நடுங்கற?” என்றாள்.

“அவ இல்லன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள் ஜெசி. “கூழு கரைக்கத் தெரியாது. மாட்டுக்கு இன்னா வேணும்னு தெரியாது. ஊட்டுக்குப் போனா அவ பொடவ கொடியில காயும்ங்க. அத நான் எப்பிடிங்க பாக்கறது?”

பொன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்புறம்? இன்னும் சொல்லு.”

“கண்ணாலம் ஆனதுலேருந்து நான் அவளாண்ட ஒரு வார்த்த ஆசையா பேசினதில்லீங்க.”

பொன்னி இப்படியே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டால் என்ன செய்வது? கிளாரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “யக்கா, கொயந்த தாங்காது யக்கா. சொல்லிடுங்க.”

“பதினெட்டு வருஷம் கழிச்சிக் கேக்கறேன் யம்மா. ஒரு நிமிஷம் குடு” என்றாள் பொன்னி. அந்த ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, ஜெசியின் கையை எடுத்துத் தன் வயிற்றில் தையல் தழும்பின்மேல் வைத்தாள்.

“பாரு, நான்தான். முழிச்சிட்டேன். கட்டிய எடுத்துட்டாங்க. போதும் வா, ஊட்டுக்குப் போலாம்.”

ஜெசி தழும்பைத் தடவினாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். இரண்டு முறை தும்மினாள். பிறகு கையை உதறிக்கொண்டு, “அம்மா, பசிக்குது. யாரு இந்த ஆயா?” என்றாள்.

அதே நேரத்தில் ஒலக்கூரில் தாண்டவராயன் டேங்கின் உச்சியிலிருந்து கீழே பார்த்தார். பார்த்ததும் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஊருக்கே கேட்கும்படி அலறினார். நான்கு பேர் ஏறி, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். பொன்னி வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எங்கடி போன? எவ்ளோ நேரமாச்சி?” என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் அவளை அப்படிக் கேட்டதில்லை. பொன்னி அடுப்பைப் பற்றவைத்தாள்.

லாட்ஜில் இன்னும் கொத்தாத அறைகள் இருந்தன. எல்லாக் கறைகளுக்கும் ஆளைத் தேடிப் போக முடியாது. தேடினாலும் எல்லாரும் உயிரோடு வெளியே வந்தவர்கள் இல்லை. கிளாரா அதையும் யோசித்து வேலை முறையை மாற்றினாள். உளி வைப்பதற்கு முன் சித்தாள் ஒருத்தி கதவருகே நின்று, “கூட வந்தவங்க யாரு? எல்லாம் முடிஞ்சிட்டுது, ஊட்டுக்குப் போங்க” என்று சொல்ல வேண்டும். பிழைத்தவருக்கும் பிழைக்காதவருக்கும் அது பொய்யில்லை. சொல்லிவிட்டு, எழுந்து போவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துக் கொத்தினால், வெறும் மண் மட்டும் விழுந்தது. ரப்பீஸ் போன மனைகளுக்கும் அவளே போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். தன் வீட்டில் இரண்டு முறை சொன்னாள். தை பிறந்ததும் ஓட்டல் திறந்தது. கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது என்பதைத் தவிர வேறு புகார் வரவில்லை. அதன்பின் ஜில்லாவில் பழைய லாட்ஜோ ஆஸ்பத்திரியோ புதுப்பிக்கும் காண்ட்ராக்டர்கள், கணக்கில் பூச்சு கொத்தும் கூலிக்குக் கீழே, கூப்பிட்டுச் சொல்லும் கூலியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சிமென்ட் விலை ஏறும்போது அதுவும் கொஞ்சம் ஏறும்.

சில வருஷங்கள் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு மண்டப வேலைக்குப் போன கிளாரா, அப்படியே ஒலக்கூருக்கும் ஒருநடை போனாள். தாண்டவராயன் இப்போது ஸ்டூல்மேல்கூட ஏறுவதில்லை. பல்பு மாற்றப் பொன்னிதான் ஏறியிருந்தாள். அவர் ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, “பாத்து, பொன்னி, பாத்து” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பல்பு மாட்டியாயிற்று, எரியவும் எரிந்தது. பொன்னி கிளாராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சநேரம் மேலேயே நின்றாள்.